பட்டாளத்து லாரிப் பைத்தியம்

உலகத்தில் பைத்தியங்கள் பலவிதம். தபால் தலை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். செல்லாக் காசு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிராமபோன் தட்டுகளுக்காக மூர் மார்க்கெட்டே கதியென்று கிடந்தவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். இவையெல்லாம் ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடுகிற பைத்தியங்கள். வீட்டிலுள்ளவர்கள் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடலாம். ஆனால் 21 அடி நீளமும், ஏழடிக்கு மேல் அகலமும், சுமை ஒன்றும் ஏற்றாமலே நான்கு டன் எடையும் உள்ள ஒரு பைத்தியத்தை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது?

பழைய யுத்த லாரிகளைச் சொந்தமாக வாங்கி, பழுது பார்த்து, ஓட்டி மகிழும் பைத்தியத்தைத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் இதற்கென்றே 1976-ஆம் வருஷத்தில் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1919-இல் அந்நாட்டு ராணுவ லாரிகள் வாஷிங்டனிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோ வரையில் கண்டத்தையே குறுக்காகக் கடந்தன. பிற்பாடு ஜனாதிபதியான ஐஸன்ஹோவர் அப்போது ஓர் இளம் அதிகாரியாக அந்த வரிசையில் கூடப் போனார். தொண்ணூறு வருஷம் கழித்து, 2009-இல், மேற்படி சங்கத்தார் தங்கள் பழைய வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு அதே பிரயாணத்தை மறுபடியும் செய்து முடித்தார்கள். சம்பளமில்லை, பெட்ரோல் சொந்தச் செலவு, உடம்பெல்லாம் கரி. பைத்தியம் என்று நாம் சொன்னதை அவர்களே ஆட்சேபிக்க மாட்டார்கள்.

இந்த அன்பர்கள் உயிராக மதிக்கும் வண்டி ஒன்று உண்டு. ஜி.எம்.ஸி. கம்பெனியார் இரண்டாவது உலக யுத்தத்தின் போது செய்த இரண்டரை டன் லாரி அது. ‘ஜிம்மி’ என்பது அதன் செல்லப் பெயர். மொத்தம் ஐந்தரை லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அதே காலத்தில் கனடா தேசத்து ஃபோர்டு, செவர்லே தொழிற்சாலைகளும், மூக்கைச் சப்பையாக அழுத்திவிட்டாற் போன்ற முகமுடைய ராணுவ லாரிகளை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்தன.

அமெரிக்கக்காரனுடைய லாரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1939-இல் நம் தேசத்துத் தலைவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே வைஸ்ராய் நம்மை யுத்தத்தில் இழுத்துவிட்டார். யுத்தம் வந்தது, கூடவே லாரிகளும் வந்தன. அஸ்ஸாமில் லெடோ என்ற ஊரிலிருந்து, மலையும் காடும் மலேரியாவும் நிறைந்த வடபர்மா வழியாகச் சீன தேசத்துக்கு ஒரு சாலை போட்டார்கள். 1945 ஜனவரி 12-ஆந் தேதி லெடோவில் கிளம்பிய முதல் லாரி வரிசை, பிப்ரவரி 4-ஆந் தேதி சீனாவிலுள்ள குன்மிங் நகரத்தை அடைந்தது. அந்தச் சாலையை வெட்டியதில் இந்தியக் கூலிகளின் கையும் உண்டு.

யுத்தம் முடிந்ததும் இந்த வண்டிகளைக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டு போவது கட்டுபடியாகவில்லை. 1946-இல் அமெரிக்க சர்க்கார் இந்தியாவில் மிஞ்சிய சாமான்களை இந்திய சர்க்காரிடமே ஒப்படைத்துவிட்டது. ‘டிஸ்போஸல்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை தமிழ் வார்த்தையானது அப்போதுதான். ஏலத்தில் எடுத்த பட்டாளத்து லாரிகள் மரம் ஏற்றின, கல் ஏற்றின, மேலே கூடு கட்டிக்கொண்டு ஜனங்களையும் ஏற்றின. கேரளத்து மலைகளில் தடி இழுக்கும் வேலைக்குக் கனடா லாரிகள் பல பத்தாண்டுகள் உழைத்தன. ரங்கூன் நகரத்திலோ, யுத்த கால செவர்லே வண்டிகள் மரக்கூடு பூண்டு 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகும் டவுன் பஸ்களாக ஓடிக்கொண்டிருந்தன.

ஆனால் எந்த ஸ்திதியில் ஓடின? பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீஸல் எஞ்சின் வைத்தார்கள். பிரேக்கை வேறொரு வண்டியிலிருந்து எடுத்தார்கள். அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டினார்கள். மிஞ்சியது அந்தச் சப்பை மூக்கு ஒன்றுதான். மேல்நாட்டு அன்பர் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நமக்கு அவ்வளவு துக்கம் உண்டாகவில்லை. வெட்டி ஒட்டியிராவிட்டால் அந்த வண்டிகள் 1950-க்குள்ளேயே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். பட்டறைக்காரரின் சுத்தியல்தான் அவற்றுக்கு ஐம்பது வருஷ ஆயுளை நீட்டித்துக் கொடுத்தது. எனினும், எல்லாவற்றையுமே வெட்டி ஒட்டிவிட்டால், ஆதியில் அது எப்படியிருந்தது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா? உலகத்துக்குத் தேவையான பைத்தியக்காரர் இங்கேதான் வருகிறார்.

தமிழ் நாட்டில் இந்தப் பைத்தியத்துக்கு உகந்த ஸ்தலம் எது என்று யோசித்துப் பார்த்தால், நாமக்கல்லைத் தவிர வேறு ஊர் தோன்றவில்லை. லாரிக்குப் பாடி கட்டுவதில் தேசமெங்கும் பேர் வாங்கிய ஊர் அது. லேத் பட்டறை, ஸ்பிரிங் பட்டறை, டிங்கர் வேலை, டயர் வேலை எதற்கும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பழுது பார்த்த வண்டியைச் சோதித்துப் பார்ப்பதற்கோ, பக்கத்திலேயே கொல்லிமலை நிற்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பஸ் பிரயாணிகள் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஒருவர் தம்முடைய ஜிம்மியை இந்தச் சாலையில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர். சக்தி சுமார் 91 குதிரை. இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கே அவ்வளவு சக்தி இருக்கிறது. நான்கு டன் இரும்பை அதைக் கொண்டு மலையேற்றுவதென்றால், அவசரம் என்ற குணத்தையே காரவள்ளியில் இறக்கி வைத்துவிட வேண்டும். கியர் மாற்றுவதும் லேசல்ல. இந்தக் காலத்துக் கியர்ப் பெட்டியில் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்த உள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜிம்மியில் அது கிடையாது. கிளட்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, எஞ்சினைச் சற்று உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரில் தள்ள வேண்டும். ஒரு கணம் தவறினால் பல்லோடு பல் உரசும் சப்தம் அடுத்த வளைவு வரைக்கும் கேட்கும். வண்டியும் நீளம், வளைவும் குறுகல். சில இடங்களில் பாதி திருப்பி, பின்வாங்கி, மறுபடியும் திருப்பத்தான் வேண்டியிருக்கும்.

வெயிலில் இன்னொரு சங்கடம். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் போய், வண்டி நடுவழியில் நின்றுவிடும். அம்பாஸடர் கார் ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருப்பார்கள். இப்பொழுது புதிதாக ஒரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் இன்று 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 1940-களின் ரப்பர் குழாய்களும், பம்புக்குள் இருக்கும் சவ்வும் அந்தச் சாராயத்தைத் தாங்கா. ஊறிப் போய் வெடிக்கும். ஆகையால் வண்டி வாங்கினவுடனே இவற்றையெல்லாம் எத்தனால் தாங்கும் சரக்காக மாற்றிவிட வேண்டும்.

ஏறுவதாவது பரவாயில்லை, இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. ஜிம்மியின் பிரேக்குக்கு எஞ்சின் காற்றை உறிஞ்சும் சக்தி துணை செய்கிறது. இறக்கத்தில் எஞ்சின் நின்றுபோனால் அந்தத் துணையும் சீக்கிரத்தில் போய்விடும். பிறகு பிரேக்கை மிதிப்பதும் பாறாங்கல்லை மிதிப்பதும் ஒன்றே. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று நம் லாரி டிரைவர்கள் சொல்லும் பாடம் இங்கே அக்ஷரம் அக்ஷரமாகப் பொருந்தும்.

கனடா லாரிகளின் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றின் ரிம் இரண்டு பாதியாகச் செய்து நட்டுப் போட்டு இணைத்தது. சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டு வேறு. ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டு வேறு. இரண்டாவது வகைக்குச் சிவப்பு வர்ணம் பூசுவது ராணுவ வழக்கம். டயரில் காற்று இருக்கும்போது சிவப்பு நட்டைக் கழற்றினால், ரிம் இரண்டாகப் பிளந்து பீரங்கிக் குண்டு போல் பறக்கும். வர்ணம் உதிர்ந்து எண்பது வருஷத் துரு ஏறிய பிறகு எது எந்த நட்டு என்று எப்படித் தெரியும்? எனவே முதலில் வால்வைப் பிடுங்கிக் காற்றை முழுவதும் விட்டுவிட்டுத்தான் ஸ்பானரையே கையில் எடுக்க வேண்டும். மற்றக் காரியங்களில் தப்புச் செய்தால் பணம் போகும். இதில் ஆளே போய்விடுவான்.

செலவையும் சொல்லிவிடுவோம். லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் என்பது சமதரைக் கணக்கு. நாமக்கல்லிலிருந்து மலைமேல் செம்மேட்டுக்குப் போய்த் திரும்ப நூறு கிலோமீட்டருக்கு மேலாகும். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் இந்நாளில், அறப்பளீசுவரர் தரிசனத்துக்கு நாலாயிரம் ரூபாய் பெட்ரோல் என்றால், அதற்குச் சுவாமியிடமே தனியாகப் பிரார்த்தித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு சிரமப்படுவதானால் அந்நிய வண்டிக்காகப் படுவானேன்? நம்முடைய சொந்த வண்டி ஒன்று இருக்கிறதே! ஜெர்மன் தேசத்து மான் கம்பெனியின் லைசென்ஸோடு, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாயிருந்த காலத்தில், 1959-இல் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலிருந்து முதல் ‘சக்திமான்’ லாரி வெளிவந்தது. 1996 வரையில் உற்பத்தி நடந்தது. 1965-லும் 1971-லும் நம் ஜவான்களுக்கு ரொட்டியும் குண்டும் சுமந்தது அது. டீஸல் வண்டியாகையால் எத்தனால் தொல்லையில்லை. அதற்கு வாரிசாக வந்த ‘ஸ்டாலியன்’ லாரி நம் சென்னை அசோக் லேலண்டு கம்பெனியாருடைய சிருஷ்டி. ஜபல்பூரிலேயே 1969 முதல் 1999 வரையில் செய்த ‘ஜோங்கா’ என்ற சிறிய வண்டிக்கு இப்போதே அபிமானிகள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிரிக்கெட் வீரர் தோனி 2019-இல் ராஞ்சி நகரத் தெருக்களில் ஜோங்கா ஓட்டிய பிறகு அதன் மவுசு இன்னும் கூடிற்று. சக்திமானுக்கு அப்படி ஒரு தோனி இன்னும் வாய்க்கவில்லை.

வாய்த்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் புராதன மோட்டார் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டு, ஆதி ரூபம் மாறாத வண்டிக்குத் தனி நம்பர் உண்டு. இருபதாயிரம் ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவு. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். தினசரி உபயோகம் கூடாது. நல்ல விதிகள்தான், ஆனால் இந்தச் சலுகை இரு சக்கர வண்டிகளுக்கும், சொந்த உபயோகத்துக்கான நான்கு சக்கரக் கார்களுக்கும் மட்டுமே. சரக்கு லாரிக்கு அதில் இடம் வைக்கவில்லை. மகாராஜா வேட்டைக்குப் போன ரோல்ஸ் ராய்ஸ் புராதனச் சின்னம். ஜவான் எல்லைக்குப் போன லாரி வெறும் பழைய லாரி. இந்தப் பந்தி வஞ்சனையை எப்படி ஒப்புக்கொள்வது?

வர்ணத்திலும் ஒரு வேடிக்கை. 1989-ஆம் வருஷத்து மோட்டார் விதிகளில் 121-வது விதி, ராணுவத்துக்குச் சொந்தமல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை வர்ணம் பூசக் கூடாது என்கிறது. போலி ராணுவ வண்டியில் திருடர்கள் வந்துவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை நியாயமானதே. ஆனால் சலுகை கேட்டால் ஆதி ரூபம் வேண்டும் என்கிறார்கள். ஆதி ரூபத்தில் வைத்தால் வர்ணம் குற்றம் என்கிறார்கள். தனி நம்பர்ப் பலகை பூண்ட புராதன வண்டிக்கு மட்டும் விலக்களித்து, சரக்கு வண்டிகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. போக்குவரத்து இலாகா விதியைத் திருத்தினாலே போதும்.

அதற்குள்ளேயே ஏலத்தில் ஒரு சக்திமானை எடுத்துவிடத் துடிக்கும் நேயர்கள் யாராவது இருந்தால், பணம் கட்டுமுன் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். பட்டாளம் வண்டியை விடுவித்ததற்குக் கொடுக்கும் காகிதங்களில் எஞ்சின் நம்பரும் அடிச்சட்ட நம்பரும் வண்டியிலுள்ளபடியே இருக்கின்றனவா என்று சரி பார்த்து, அவற்றை உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் வாசலில் இடத்தை அளந்து பார்க்க வேண்டும். அளக்கும்போது வீட்டு அம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.