ஒரு நாற்காலி வேண்டி

ஒரு நாற்காலி வேண்டி, கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலேறி, சென்னையின் ராட்சத அறைகலன் கடையொன்றுக்குப் போனேன். தரையெங்கும் அம்புக்குறிகள், யாரும் தூங்காத படுக்கையறைகள், உள்ளே எழுத்தில்லாத அட்டைப் புத்தகங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கையில் மெழுகுவர்த்திகள்தாம் இருந்தன.

மறதி என்னுடையது என்றே நினைத்தேன். ஆனால் வந்த காரியத்தை மறக்கடிக்கும் இம்மயக்கத்துக்கு, 1956-ல் திறந்த அமெரிக்க சௌத்டேல் அங்காடியை வடிவமைத்த விக்டர் க்ரூயனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவரோ 1978-ல் இவ்வங்காடிகளுக்குத் தாம் தகப்பனல்ல என்று கைகழுவிவிட்டார்.

நம் விமர்சனமும் அம்புக்குறிதான் போடுகிறது. இதோ இருத்தலியம், இதோ அமைப்பியல், இதோ பின்நவீனத்துவம். கவிதை எங்கே என்று கேட்பதற்குள் வாசல் வந்துவிடுகிறது.

திருவள்ளூர்த் தச்சர் அளவுகோலை எடுக்குமுன் கேட்டார்: "உட்காரப் போறது யாருங்க?" இதைக் கேட்கத் தெரியாதவன் நாற்காலியும் செய்யவேண்டாம், விமர்சனமும் எழுதவேண்டாம்.