கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்!
தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தும் குணமாகவில்லை என்றால், "உயிர் பிழைச்சா போதும், குரல் போனா போகட்டும்" என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இது சரியா, சகோதரிகளே?

என் நாத்தனார் கணவர் காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர். குரல்தான் பிழைப்பு. நாத்தனார் விடாமல், "குரலைக் காப்பாற்ற வழி இருக்கா?" என்று இன்னொரு டாக்டரிடமும் கேட்டார். கட்டி சிறியதாக இருந்ததால், குரல்வளையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தார்கள். சில வாரம் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. விழுங்கவே பயிற்சி எடுத்தார். இனி ஏலம் கூற முடியாது. ஆனால் கரகரத்த குரலில் வீட்டில் நன்றாகப் பேசுகிறார்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நோய் அதிகம் பரவியிருந்தால் குரல்வளையை முழுசாக எடுப்பதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. அப்போதும் பலருக்கு வால்வு பொருத்திப் பேச வைக்கலாம்.

கரண்ட் முடிந்ததும் செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால்தானே மிச்சம் வைக்க ஏதாவது இருக்கும்? டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பேச முடியாதவருக்காக நாம்தானே வாய் திறக்கணும்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.