கடலடியில் புதைத்தால் போதுமா?

உலகைச் சூடாக்கும் கரியமில வாயுவை, நார்வேக்காரர்கள் 1996இல் வட கடலின் ஸ்லைப்னரில், எரிவாயுவிலிருந்து பிரித்துக் கடல்தரைக்குக் கீழே சுமார் 800 மீட்டர் ஆழத்து மணற்பாறையில் செலுத்தத் தொடங்கினார்கள். "ஐயோ, ஆபத்து" என்று அலறுவதும், "நிபுணர் சொல்லிவிட்டார்" என்று கும்பிடுவதும் குருட்டு நம்பிக்கையேயாகும். வாயு கசிந்தால் அவ்விடத்து நீர் புளிப்பேறிச் சிப்பி, நத்தைகளின் ஓட்டை அரிக்கும். ஆகவே நாம் கேட்பது ருஜு.

பாரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட்டில் 2008இல் இதே வேலை தொடங்கியபின், பாறைக்குள் அழுத்தம் கணக்குக்கு மேல் ஏறிற்று. அளந்து பார்த்ததால் தெரிந்தது. 2011இல் வேறு பாறைக்கு மாற்றினார்கள். நிபுணர் வாக்கே போதுமென்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

புதைத்து லாபமடைகிற கம்பெனியே நற்சாட்சிப் பத்திரமும் எழுதிக்கொள்வது எந்த நியாயம்? அளவுக் கணக்கைப் பகிரங்கமாக்கட்டும், சம்பந்தமற்றவர் சோதிக்கட்டும், நூறாண்டு கழித்துக் கசிந்தால் பொறுப்பாளி யாரென்று இன்றே எழுதி வைக்கட்டும். பிறகு நம்புவோம்.