லாரிக்கு நம்பர் உண்டு, ஆளுக்குப் பெயர் இல்லையா?

காரைக்கால் தலத்தெருவில் ஒரு தோழர் வீட்டுச் சுவரில் பழைய போட்டோ ஒன்று தொங்குகிறது. நெய்வேலியில் 1959-இல் எடுத்தது. மண் ஏற்றிய லாரி ஒன்று. அதைச் சுற்றிப் பதினோரு ஆட்கள். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, காலில் செருப்பில்லை. அவர்களில் ஒருவர் தோழரின் தகப்பனார். படத்தின் பின்புறம் மசியால் எழுதியிருக்கிறது: லாரியின் நம்பர், ஊர், வருஷம். பதினோரு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை!

இது எழுதியவரின் மறதியா? இல்லை. ஆளும் வர்க்கம் கணக்கெழுதும் முறையே இதுதான். லாரிக்கு நம்பர் உண்டு, பெர்மிட் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. அச்சு முறிந்தால் ஒர்க்‌ஷாப் உண்டு. அதில் மண் ஏற்றுபவனுக்கு என்ன உண்டு? அன்றைய கூலி, அதுவும் கண்ட்ராக்டர் மனம் வைத்தால்!

நெய்வேலியின் சரித்திரத்தை எப்படிச் சொல்கிறார்கள்? 1956-இல் கம்பெனி, 1957 மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம். எல்லாம் உண்மை. அந்தப் பொதுத்துறையை நாம் போற்றுகிறோம். 2006-இல் அதன் பங்குகளை விற்க மத்திய சர்க்கார் முனைந்தபோது வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தவர்கள் தொழிலாளர்களே. ஆனால் நிலக்கரிக்கு மேலே நூற்றைம்பது அடிக்கும் அதிகமான மண் கிடந்ததே, அது தானாகவா விலகியது?

"அது அந்தக் காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது" என்பார்கள். என்ன மாறியது? எந்திரம் மாறியது, லாரி மாறியது. கண்ட்ராக்டர் மாறவில்லை. 2020-இல் அதே நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டே மாதத்தில் இரண்டு முறை கொதிகலன் வெடித்தது. ஜூலை 1-ந் தேதி வெடிப்பில் அன்றே ஆறு பேர் மாண்டனர். பிறகு ஆஸ்பத்திரியில் மேலும் பலர். ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிரந்தரத் தொழிலாளர்களும் ஒரே நெருப்பில்தான் வெந்தார்கள். நெருப்பு பேதம் பார்க்கவில்லை. சம்பளப் பட்டியல் மட்டும் பார்க்கிறது!

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இப்போது அந்த வரம்பு 50. அதாவது, 49 பேரை வைத்து வேலை வாங்குகிற கண்ட்ராக்டர் அந்த லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லை. பெயரில்லாத ஆட்களின் கூட்டத்தைச் சட்டமே பெருக்குகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சீர்திருத்தம்!

ஆலைக் கதைதானே என்று வயல்வேலைத் தோழர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் நம் பெண்களை விடியற்காலையில் எதில் ஏற்றுகிறார்கள்? சரக்கு வண்டியில். அது கவிழ்ந்தால் என்ன ஆகும்? "சரக்கு வண்டியில் ஏறியவருக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் வாதாடும். "அந்தப் பெண் என் ஆள் அல்ல" என்று கூட்டிப்போன மேஸ்திரி கைவிரிப்பார். "எனக்குத் தெரியாது" என்பார் நிலக்காரர். வண்டியில் போன நெல்மூட்டைக்குச் சீட்டு இருக்கும், மனுஷிக்கு இருக்காது.

அப்படியானால் நம் பெயரை யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும். 1936 ஜூலை 30-இல் புதுவை ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். மறுவருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்றும் ஆண்டுதோறும் அந்தத் தியாகிகளை நினைவுகூர்கிறோமே, எப்படி? முதலாளியின் பேரேட்டைப் பார்த்தா? இல்லை, சங்கம் மறக்கவில்லை, அதனால்!

ஆகவே தோழர்களே, வேலைக்கு ஏறுமுன் கேளுங்கள்: என் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது? கூலிச்சீட்டு எங்கே? வேலை அட்டை எங்கே? தனியாகக் கேட்டால் நாளை வேலை இல்லை என்பார்கள். பதினோரு பேரும் சேர்ந்து கேட்டால் லாரி நகராது!

தலத்தெருவில் அந்தப் போட்டோவைக் கழற்றி, வயதானவர்களிடம் காட்டி விசாரித்தோம். இதுவரை நான்கு பெயர்கள் கிடைத்தன. லாரி நம்பருக்குக் கீழே அவற்றை எழுதிவிட்டோம். மீதி ஏழு பெயர்களையும் தேடுவோம். இன்று லாரியில் ஏறுகிறவர்களின் பெயர்களை இன்றே எழுதுவோம்!