காவுதண்டு சுமந்த தோள்கள்

பினாங்குக்குச் சென்று திரும்பும் நம்மவர் குடும்பங்கள் முதலில் பேசுவது ஜார்ஜ் டவுனின் கட்டடங்களைப் பற்றியன்று. அங்கே உண்ட சோற்றைப் பற்றியே. மீன்தலைக் கறி, கணவாய், வெண்டைக்காய்; அவற்றின்மேல் நான்கைந்து ஆணங்களை ஒன்றாகப் பாய்ச்சிய தட்டு. அதற்கு அங்கே 'பஞ்சிர்' என்று பெயர். வெள்ளம் என்று பொருள். கேட்கும்போதே நமக்கும் நாவூறுகிறது. ஆனால் கூடவே சுற்றுலா ஏடுகளில் படித்த ஒரு சொல்லும் வந்துவிடுகிறது: 'கலப்புப் பண்பாட்டு உணவு!' அச்சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

கலப்பை நாம் மறுக்கவில்லை. சீனரின் கிச்சாப்பில் புரட்டிய கோழியும் நம் மசாலாக் குழம்பும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஆனால் அவை தாமாகவா கலந்தன? நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்றால் தண்டில் கட்டித் தோளில் சுமப்பது. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் ஆணம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பசியாற்றத் தெருத்தெருவாக அதைச் சுமந்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மனைவி மக்களைப் பிரிந்து கப்பலேறியவர்கள். நாசி கண்டார் என்ற பெயரிலேயே அந்தச் சுமை இருக்கிறது. சுவைப்போர் அதைக் கேட்பதில்லை.

2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய நகரத்துக் குடிகள் பலர் வாடகை தாளாமல் வெளியேறினர். 2008இல் அதே தெருக்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. சுவருக்குக் கிடைத்த மரியாதை, சுவருக்குள் அடுப்பு மூட்டியவருக்கு எங்கே?

உணவுக்கு உரிமையாளர் ஏது என்பார்கள். நாம் பட்டயம் கேட்கவில்லை. பெயர் சொல்லுங்கள் என்கிறோம். 'மாமா' என்று மரியாதையாக அழைத்த தமிழ்ச் சொல்தான் 'மாமாக்' ஆயிற்று என்பர். இன்று சிலர் வாயில் அது இளக்காரமாக ஒலிக்கிறது. நம் பிள்ளைகளும் உடன் சிரிக்கிறார்கள். அந்த மாமாக்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளில் வளர்ந்தவர்களும் சிரிக்கிறார்கள் என்பதுதான் நமக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை சூலியா தெருப் பக்கம் வரிசையில் நிற்போர், தட்டைப் படம் பிடிக்குமுன் கல்லாவில் இருப்பவரிடம் அவருடைய பாட்டனாருக்கு எந்த ஊர், எந்த ஆண்டு கப்பலேறினார் என்று கேட்டுக் குறித்து வரட்டும். சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.