கலோற்சவம் வேறு, கலை வகுப்பு வேறு

பாலக்காடு மாவட்டத்தின் கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் பக்கத்தில் எந்த உயர்நிலைப் பள்ளியின் பி.டி.ஏ. கூட்டத்திலும், பாட்டுக்கும் நடனத்துக்கும் ஓவியத்துக்கும் ஒழுங்காக ஒரு வகுப்பு வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும். எட்டாங்கிளாஸ் வந்தாச்சு, இனி பிள்ளை படிக்கட்டும், எஸ்.எஸ்.எல்.சி. முடியட்டும், பிறகு பார்த்துக்கலாம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி என்றால் கூடுதலாக இரண்டு காரணங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். வயசுக்கு வந்த பெண்ணை மேடையில் ஆடவிடுவதா என்பது ஒன்று. நம்ம வேதத்துக்கும் சலங்கைக்கும் என்ன சம்பந்தம் என்பது இன்னொன்று. கடைசியாக, எல்லோரும் தலையாட்டும்படி ஒருவர் முடித்துவைப்பார்: அதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு.

இதைச் சொல்பவர்கள் கலையின் எதிரிகள் அல்லர். வயலிலும் மாந்தோப்பிலும் உழைத்து, மகளாவது உத்தியோகத்துக்குப் போகட்டும் என்று நினைப்பவர்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். கனமான வாதத்திலிருந்தே தொடங்கலாம்: பணம்.

கலை வசதி உள்ளவர்களுக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கேரளப் பள்ளிக் கலோற்சவத்திலிருந்து வந்தது. 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் சிறிதாகத் தொடங்கிய விழா, 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் 249 போட்டிகளாக விரிந்து நின்றது. அந்த வருஷம் திருச்சூர் 1,008 புள்ளி, பாலக்காடு 1,007. ஒரே ஒரு புள்ளியில் தங்கக் கோப்பை கைநழுவியதைப் பற்றிப் பாலக்காட்டு டீக்கடைகளில் பேசாத ஆள் இல்லை. விழா பெருமைக்குரியதுதான். ஆனால் அதில் ஒரு பெண் தனிநடனத்துக்கு நின்றால் என்ன செலவு? ஆண்டு முழுக்க வெளியில் டான்ஸ் டீச்சருக்கு ஃபீஸ். போட்டிக்கென்று தனியாக ஓர் ஐட்டம் அமைத்துத் தர வேறு தொகை. பாட்டு ரெக்கார்டிங், உடை, நகை, மேக்கப்காரர், வண்டி வாடகை. துணை மாவட்டத்தில் தோற்றால் அப்பீலுக்குக் கட்டணம். கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களை 2000-களின் நடுவில் எடுத்துவிட்டு கிரேடு முறை கொண்டுவந்த பிறகும் இந்தப் பட்டியல் குறையவில்லை.

இதில் பள்ளி செய்வது என்ன? மழைக்காலம் முடியும் முன்னால் ஒரு டீச்சர் வகுப்பு வகுப்பாக வந்து, "யாருக்கு டான்ஸ் தெரியும்?" என்று கேட்பார். வீட்டில் பணம் கட்டிக் கற்றுக்கொண்டவர்கள் கை தூக்குவார்கள். ஒப்பனா, திருவாதிரை, மார்க்கம்களி போன்ற குழு ஐட்டங்களுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் வருவார். ஏறக்குறைய ஒரே உயரத்தில் உள்ள பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்துப் பொறுக்குவார். உயரம் ஒத்துவராத பெண் வகுப்புக்குத் திரும்பிப் போய்விட வேண்டியதுதான். விழா முடிந்ததும் அவரும் கணக்கைத் தீர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆக, பள்ளி யாருக்கும் கலையைக் கற்றுத்தரவில்லை. கற்றவரைத் தேடிப் பிடித்து மேடையேற்றுகிறது.

பணக்காரர்களுக்கானது என்ற குற்றச்சாட்டு இந்தப் போட்டிக்கு முழுக்கப் பொருந்தும். வாரத்துக்கு இரண்டு பீரியட், வகுப்பில் உள்ள எல்லாப் பெண்களுக்கும், ஃபீஸ் இல்லாமல் என்று நடக்கும் கலை வகுப்புக்கு எப்படிப் பொருந்தும்? பள்ளிக்குள் வகுப்பு இல்லாததால்தான் கலை காசு உள்ள வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. போட்டியின் குறையைக் காட்டி வகுப்பை மறுப்பவர்கள், குறையை இன்னும் கெட்டிப்படுத்துகிறார்கள்.

அடுத்தது மார்க். பத்துப் பேப்பரிலும் ஏ பிளஸ் வாங்குவதைத் தவிர உயர்நிலைப் பள்ளிக்கு வேறு வேலை இல்லை என்பது இந்த வாதத்தின் அடியில் இருக்கும் நம்பிக்கை. 2024-இல் 71,831 பேர், 2025-இல் 61,449 பேர் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினார்கள். அந்த இரண்டு ஆண்டும் தேர்ச்சி விகிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டி நின்றது. இத்தனை பேர் வாங்கும் ஒன்றை வாரத்துக்கு இரண்டு பீரியட் பாட்டு வகுப்பு பறித்துக்கொண்டு போய்விடும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கலை மார்க்கைக் கெடுக்கும் என்று சொல்லும் அதே வீடுகளில்தான் கிரேஸ் மார்க்குக்காகக் கலோற்சவத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

கலையை ஆதரிக்கும் எங்கள் தரப்பிலும் ஒரு பொய் உலவுகிறது. பாட்டுக் கற்றால் கணக்கு வரும், மூளை வளரும் என்று சொல்லி விற்கப் பார்க்கிறோம். 1993-இல் நேச்சர் இதழில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து வந்த ஒரு சின்னச் சோதனை, மோட்சார்ட் இசை கேட்டவர்கள் ஒரு குறிப்பிட்ட வகைப் புதிரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று மட்டுமே சொன்னது. அதை வைத்துத்தான் குழந்தைகளை மேதையாக்கும் கேசட் வியாபாரமே நடந்தது. ஹார்வர்டில் லோயிஸ் ஹெட்லண்டும் எல்லன் வின்னரும் 1950 முதல் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2000-இல் சொன்னது வேறு: வகுப்பறை நாடகம் மொழித் திறனை வளர்க்கிறது, இசைக்கும் இடம்சார்ந்த சிந்தனைக்கும் ஓரளவு தொடர்பு உண்டு, மற்றபடி கலை படித்தால் மார்க் ஏறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளை எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கலை நிகழ்ச்சிகளைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுதும் திறனுக்கான தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் கூடியது. கணக்கிலும் அறிவியலிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஏறவில்லை என்பதைப் பார்ப்பவர்கள், இறங்கவும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். கலையை நான் கணக்குக்கு டானிக்காக விற்கவில்லை. பாடக் கற்றால் பாட வரும். அதுவே போதுமான லாபம்.

வேதத்துக்கும் சலங்கைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி பூசைக்குப் போய்வரும் வீடுகளிலிருந்து வருகிறது. பதிலைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம், பக்கத்திலேயே செம்பை கிராமம் இருக்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதர் தன் சீடராக ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஃபோர்ட் கொச்சிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் யேசுதாஸ். அதற்கும் முன்னால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826-இல் பிறந்த கத்தோலிக்கர், முன்சீப் வேலைக்கு நடுவில் கர்நாடக ராகங்களில் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினார். பெண் கல்விக்காகத் தனி நூலே எழுதியவரும் அவர்தான். கொச்சியில் ஆபேல் அச்சன் 1969-இல் தொடங்கியதுதான் பிறகு மிமிக்ரிக்குப் பேர்போன கலாபவன். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965-இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். திருச்சியில் ஜார்ஜ் அடிகளார் 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி இன்று பரதநாட்டியத்திலும் இசையிலும் பட்டம் தரும் நுண்கலைக் கல்லூரி. அதை நடத்துவது கத்தோலிக்கத் திருச்சபை. சென்னையில் கன்னியர் நடத்தும் ஸ்டெல்லா மாரிஸ் பெண்கள் கல்லூரியின் நுண்கலைத் துறையைத் தெரியாத ஓவியர்கள் தமிழ்நாட்டில் குறைவு. 1963-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த மக்களின் இசை மரபை மதித்து வழிபாட்டில் இடம் கொடுங்கள் என்று எழுதிவைத்துவிட்டது. ரோமாபுரி ஒத்துக்கொண்டதைக் கொல்லங்கோட்டில் நாம் மறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்மையானது. பரதநாட்டிய உருப்படிகளில் பெரும்பகுதி முருகனையும் கண்ணனையும் நடராஜரையும் பற்றியவை. அது தன் நம்பிக்கைக்கு இடறும் என்று ஒரு குடும்பம் சொன்னால் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் கலை வகுப்பு என்றால் பரதநாட்டியம் மட்டும்தான் என்று யார் சொன்னது?

தமிழ்நாட்டை ஒட்டிய இந்த எல்லைப் பகுதியில் தமிழ் பேசும் பெண்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது; அதைப் பள்ளிகள் கண்டுகொள்வதே இல்லை. பாரதப்புழைக் கரையின் பகவதி கோயில்களில் இரவிரவாக நடக்கும் தோல்பாவைக்கூத்தில் புலவர்கள் பாடுவது கம்பராமாயணச் செய்யுள். சித்தூர், ஆலத்தூர் பக்கத்துக் கண்ணியார்களியில் பாட்டும் பேச்சும் தமிழ் கலந்தவை. கொச்சி, கொடுங்கல்லூர் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் மரப்பலகை அதிர மிதித்து ஆடும் சவிட்டு நாடகத்தின் பழைய பிரதிகளும் தமிழ் மணக்கும். கேரளத்தின் மூன்று கலைகள். மூன்றிலும் நம் மொழி. தமிழ் மீடியத்தில் படிக்கும் பெண், திருவனந்தபுரத்துப் பெண் மனப்பாடம் செய்ய வேண்டியதை அர்த்தம் புரிந்தே பாடிவிடலாம். இதில் சவிட்டு நாடகம் கிறிஸ்தவர்களே வளர்த்த கலை; முன்னால் சொன்ன மார்க்கம்களியும் அப்படித்தான். சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தின் தமிழ்ப் பங்குகளிலிருந்து வரும் பெண்ணுக்கு இதைவிட இயல்பான தொடக்கம் வேறென்ன? 2025 கலோற்சவத்தில் அட்டப்பாடியின் இருளர் நடனமும் இடுக்கி மலையின் பளியர் நடனமும் மலைப்புலையர் ஆட்டமும் போட்டிப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இவற்றைக் கற்றுத்தர டான்ஸ் ஸ்கூல் தேவையில்லை. ஊரில் ஆடத் தெரிந்த பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும்.

வயசுக்கு வந்த பெண் ஆடுவதா என்ற கேள்விக்கு அதிக இடம் கொடுக்க விரும்பவில்லை. மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, பார்த்துப் பார்த்துக் கைதட்டி, ஏழாம் வகுப்போடு சலங்கையைப் பரணில் போடச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆண்களே ஆடிய கதகளியில் 1975-இல் திருப்பூணித்துறைப் பெண்கள் தனிக் குழுவே கட்டினார்கள். 1930-இல் தொடங்கிய கலாமண்டலம் தன் கதகளி வகுப்பில் பெண்களைச் சேர்க்க 2021 வரை எடுத்துக்கொண்டது. சேர்த்தது எட்டாம் வகுப்பில். நம் வீடுகளில் நிறுத்துகிற அதே வயது. அந்த வருஷமே பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா, பெண்களை மட்டும் வைத்துத் தோல்பாவைக்கூத்துக் குழு அமைத்தார். பாதுகாப்புதான் கவலை என்றால், மாலை ஆறு மணிக்குத் தெருமுனை டான்ஸ் கிளாஸுக்குப் போய்வருவதைவிட மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளிக்குள் சிஸ்டர்களின் கண்ணெதிரே கற்பது எந்த வகையில் குறை?

கலை படித்தால் வேலை கிடைக்காது என்று சொல்வதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி, திருப்பூணித்துறையில் ஆர்.எல்.வி. கல்லூரி, திருச்சூரில் நுண்கலைக் கல்லூரி, மலைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் அரசு இசைக் கல்லூரி எனப் படிக்க இடம் இருக்கிறது. படித்து முடித்தவர்களுக்குப் பணியிடம் குறைவு. ஏன் குறைவு? பள்ளிகள் வகுப்பு வைக்காததால். வகுப்பு இல்லை, அதனால் வேலை இல்லை. வேலை இல்லை, அதனால் வகுப்பு வேண்டாம் என்று சுற்றிச் சுற்றி வந்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்.

சிலபஸில் இடம் எங்கே என்று தலைமையாசிரியர்கள் கேட்பது வழக்கம். இலங்கையில் சாதாரணதரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் தேர்வுப் பாடங்கள். யாழ்ப்பாணத்துப் பெண் அவற்றில் ஒன்றைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பக்கத்தில் வைத்து எழுதுகிறாள். சி.பி.எஸ்.இ.-யிலும் கர்நாடக இசையும் ஓவியமும் பாடமாக எடுக்கலாம். 2005-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. இடம் இல்லை என்பது நேர அட்டவணையின் குறை அல்ல.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு எதிர்வாதம், அது வலுவானது. டீச்சர் எங்கே? உதவிபெறும் பள்ளிகளில் பணியிடம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவது. சிறிய பள்ளிக்கு அரசு கலை ஆசிரியர் தரும் என்று காத்திருந்தால் இப்போது எட்டில் இருப்பவள் கல்யாணமாகிப் போய்விடுவாள். ஆனால் பாலக்காடு கொல்லங்கோட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ் இருக்கிறது, பொள்ளாச்சிப் பாதையில் ரயில் இருக்கிறது. இசைக் கல்லூரியில் படித்து வேலை தேடும் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் பாட்டுக்கு, ஒரு நாள் ஓவியத்துக்கு என்று பி.டி.ஏ. தினக்கூலியில் இரண்டு பேரை வரவழைக்க முடியும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், போன கலோற்சவத்தின் பில்களை எடுத்துக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்: பயிற்சியாளர் ஃபீஸ், உடை வாடகை, மேக்கப், வேன். அதே தொகைக்கு ஒரு டீச்சர் எத்தனை மாதம் வருவார் என்று அங்கேயே வகுத்துப் பார்க்கலாம். ஜூன் மாதக் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். செப்டம்பரில் கேட்டால் பயிற்சியாளருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.