முதலில் குழாய், பிறகு அத்திவாரம்



புது மலையில் தேயிலை போடும்போது எதை முதலில் செய்கிறோம்? கான் வெட்டுகிறோம். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், எங்கே திரும்பும் என்று பார்த்துக் கான் வெட்டிய பிறகுதான் குழி போட்டுக் கன்று நடுகிறோம். தேயிலைச் செடிக்கு இருக்கிற இந்த ஒழுங்கு, அதில் கொழுந்து பறிக்கிறவளின் வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்க முடியாமல், லயத்தின் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டுகிறோம். முதலில் சுவர் எழும்புகிறது. அடுத்தது தகரம். காசு சேர்ந்த பிறகு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, மலசலகூடமும் குழாயும். அப்போது அலவாங்கை எடுத்துக்கொண்டு நாம் கட்டிய அத்திவாரத்தை நாமே உடைக்கிறோம். அடுத்த மழைக்குச் சுவரில் வெடிப்பு விழுகிறது. வட்டிக்கு வாங்கிய சீமெந்து மண்ணோடு போகிறது.

“விவரம் தெரியாத சனம், அவசரப்பட்டுக் கட்டுது” என்கிறார்கள். இதை நாம் ஏற்கக்கூடாது. இந்த அவசரம் பயத்தால் வருவது. காணி நம் பெயரில் இல்லை. அனுமதி வெறும் வாய்ப்பேச்சு. இன்று தலையாட்டும் துரை நாளை மாற்றலாகிப் போவார். அடுத்து வருகிறவர் வேலையை நிறுத்தச் சொல்வார். சுவரும் கூரையும் நின்றுவிட்டால் உடைக்க யோசிப்பார்கள். மண்ணுக்குள் கிடக்கும் குழாயை யார் கணக்கில் எடுப்பார்கள்? அதனால்தான் கண்ணுக்குத் தெரிவது முதலிலும், தெரியாதது கடைசியிலும் கட்டப்படுகிறது. காணி உறுதி இல்லாத கொடுமை நம் அத்திவாரம் வரைக்கும் இறங்கியிருக்கிறது.

ஆனால் தண்ணீருக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 10 அடி ஓட்டத்துக்கு 3 அங்குலம் இறக்கம் வேண்டும். குழி 40 அடி தள்ளி இருந்தால், குழாய் ஒரு அடி இறங்கிப் போகும். இந்தக் கணக்கை அத்திவாரம் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஆகவே முதலில் குழி எங்கே என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி மட்டம் பிடித்து வாருங்கள். குழியை வீட்டுக்கு மேற்பக்கம் வைக்காதீர்கள். வெட்டிய மண்திட்டின் விளிம்பிலும் வைக்காதீர்கள். கீழ் லயத்துக்காரர் குடிக்கும் ஊற்றுக்கும் பீலிக்கும் 50 அடிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு ஒரே விதி: ஆழமானது முதலில். குழாய் அத்திவாரத்தை விட ஆழமாகப் போகுமானால், அதை முதலில் போட்டு, வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, கசிவு இல்லை என்று பார்த்து, அரை அடி அரை அடியாக மண் போட்டு இடித்து இறுக்கிய பிறகே அத்திவாரம். குழாய் அத்திவாரச் சுவருக்குள்ளால் போகுமானால், அந்த இடத்தில் 6 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். அதற்குள்ளால் 4 அங்குலக் குழாய் போகட்டும். வீடு கொஞ்சம் அமர்ந்தாலும் குழாய் நசுங்காது. மலசலகூடத்துக்கு இப்போது காசு இல்லையா? குழாயை மட்டும் போட்டு வாயை மூடி வையுங்கள். அத்திவாரத்தை உடைக்கும் செலவு மிச்சம்.

பழைய லயத்துச் சுவரை ஒட்டி வெட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். பல இடங்களில் அந்த அத்திவாரம் ஆழமில்லாத கல்லும் மண்ணும்தான். அதன் அடியை விட இரண்டு அடி ஆழமாக வெட்டுவதென்றால், குறைந்தது இரண்டு அடி தள்ளி வெட்டுங்கள். ஈர மண்ணில் அதுவும் போதாது. ஒரு காம்பராவின் சுவர் சரிந்தால் அடுத்த காம்பராவும் சேர்ந்து சரியும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நீர் நிறைந்த மண் என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சரிவில், வெடித்த குழாய் ஒவ்வொரு நாளும் அத்திவாரத்துக்கு அடியில் தண்ணீர் ஊற்றுகிறது.

வீட்டுத் திட்டக்காரர்களுக்கும் இதே கேள்விதான். இத்தனை பேர்ச், இத்தனை சதுர அடி என்று மேடையில் சொல்கிறார்கள். மாலை, மேளம், அடிக்கல், புகைப்படம். கானும் குடிநீரும் எப்போது என்று கேட்டால் “பிறகு” என்கிறார்கள். அடிக்கல் நாட்டுவதற்கு முன் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் காட்டட்டும். அதன் பிறகு நாமே மாலை வாங்கிப் போடுவோம்.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது இது. அறை கட்ட அனுமதி எழுத்தில் வேண்டும். குழாய், குழி, கான் மூன்றும் குறித்த வரைபடத்துக்குச் சேர்த்தே அந்த அனுமதி வேண்டும். பிரதேச சபையிடம் கேட்க வேண்டியது: தொழில்நுட்ப உத்தியோகத்தர் லயத்துக்கு வந்து மட்டம் குறித்துத் தர வேண்டும். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்ற பழைய சாக்கு 2018 திருத்தத்தோடு முடிந்துவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு எடுத்து வா என்று அலைக்கழிப்பதற்குப் பதிலாக, தோட்டம் முழுவதற்கும் ஒரே தடவையில் அதைப் பெற்றுத் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, காணி உறுதி. அது கையில் இருந்தால் யாரும் இரவோடிரவாகச் சுவர் எழுப்பத் தேவையில்லை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு, அறை கட்ட நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் தங்கள் குழாயும் குழியும் எங்கே என்று கீறிக்கொண்டு வாருங்கள். தலைவர்களும் மாதர் தலைவிகளும் அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோகட்டும். பதில் எழுத்தில் வரும்வரை திரும்பி வரவேண்டாம்.